மூன்று பாஸ்வேர்டும் தோற்ற வீடு

“கையெழுத்து மட்டும் போடமாட்டேன்” என்றார் டீச்சர். நாங்கள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“உங்களை யாரும் போடச் சொல்லலையே” என்றார் அண்ணி.

“இனிமே சொல்லுவீங்க. வர்றவங்க எல்லாரும் முதல்ல உட்கார்ந்து கதை கேட்கறாங்க. எழுந்திருக்கும்போது, ‘எதுக்கும்மா வம்பு, போட்டுட்டு நிம்மதியா இரேன்’னு சொல்லிட்டுப் போறாங்க. அதனால முன்னாடியே சொல்லிடறேன். போடமாட்டேன்.”

எனக்கு அந்தம்மாவை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. எங்களைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டு கதவைத் திறப்பார்கள். மீதிப் பேர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுத் திறப்பார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எங்களோடும் சேர்த்துச் சண்டை போடத் தயாராக நின்ற ஆளை அன்றுதான் பார்த்தேன்.

எங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. அண்ணி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் பிரிவில் உட்கார்ந்து, ஜனங்கள் போனில் அவிழ்த்துவிடும் பொய்களைக் கேட்டுக் கேட்டே காது பழுத்தவர். இதையே தொழிலாக வைத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். நான் அவருக்கு உதவியாளன். வண்டி ஓட்டுவேன், வாசலில் காவல் நிற்பேன், வாயை அடக்கிக்கொள்ள முயற்சி செய்வேன். கடைசி வேலையில் மட்டும் இன்னும் தேறவில்லை.

டீச்சர் வீடு முதல் மாடியில். முன்னறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, அதற்கெதிரே ஒரு விளக்கும் லேப்டாப்பும் வைத்திருந்தார். காது கேட்காத குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்காக நெட் வழியாகச் சைகை மொழி சொல்லிக்கொடுக்கிறார். எங்களிடம் பேசும்போதும் கைகள் பாட்டுக்குக் கூடவே பேசிக்கொண்டிருந்தன. புருஷன் வெளியூர் வேலை. வீட்டில் இவரும் மாமியாரும்தான்.

“ஆரம்பத்துலேர்ந்து சொல்லுங்க” என்றார் அண்ணி.

“இந்த பில்டிங் அசோசியேஷனுக்கு ஒரு செக்ரட்டரி. எனக்குத் தெரிஞ்ச நாள்லேர்ந்து அவரேதான். எதிர்த்து யாரும் நின்னதில்லை. சமீபத்துல படிக்கட்டுல ஒரு கேமரா வச்சார். நல்லதுதான். ஆனா அது படிக்கட்டைப் பார்க்கறதைவிட எங்க வீட்டு வாசலைத்தான் பார்க்குது. யார் வர்றாங்க, யார் போறாங்க, நான் எந்தப் பையோட வர்றேன், எல்லாத்தையும் கீழ ஆபீஸ் டிவியில போட்டுப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். திருப்பி வைங்கன்னேன். முடியாதுன்னார். அப்போ இந்தத் தடவை தேர்தல்ல நான் நிக்கறேன்னு பேர் கொடுத்தேன்.”

“உடனே?”

“அவருக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்துச்சு. ‘தேர்தலில் நின்றால் கையை ஒடிப்பேன்’னு. பேர் ஊர் எதுவும் இல்லை. போலீஸ்ல கொடுத்தார். அவங்க தேடிப் பார்த்து, எங்க வீட்டு நெட் கனெக்ஷன்லேர்ந்துதான் போயிருக்குன்னு சொல்லிட்டாங்க.”

“நீங்க அனுப்பலை.”

“நான் அனுப்பறதா இருந்தா என் பேரைப் போட்டு அனுப்புவேன்.”

“கையாலயே பேசற மனுஷி அடுத்தவர் கையை எதுக்கு ஒடிக்கப் போறாங்க?” என்றேன் நான். அண்ணி திரும்பிப் பார்த்த பார்வையில், சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை நான் மிகுந்த அக்கறையோடு கவனிக்கத் தொடங்கினேன்.

“இன்னிக்குச் சாயங்காலம் கீழ மீட்டிங்” என்று தொடர்ந்தார் டீச்சர். “எல்லாரும் பார்க்க நான் மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்து போட்டு, தேர்தல்லேர்ந்து விலகிட்டா புகாரை வாபஸ் வாங்கிடுவாராம். இல்லேன்னா கேஸ் நடக்கும். மிரட்டல் கேஸ்ல இருக்கறவங்களைக் குழந்தைங்க முன்னாடி உட்கார வைக்க முடியாதுன்னு ஸ்கூல்ல கையை விரிச்சுட்டாங்க.”

அதுவரை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த கைகள் மடியில் விழுந்தன. கையெழுத்துப் போட்டால் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டதாகும், போடாவிட்டால் வேலை போகும். நியாயமாக வாழ்கிற ஒருத்தியை இப்படி மூலையில் நிறுத்தியவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சமையலறை வாசலில் ஒரு உருவம் தெரிந்தது. மாமியார். கரண்டியும் கையுமாக வந்து நின்றார். “நான் சொல்றதை யாரு கேட்கறா இந்த வீட்டுல? போட்டுத் தொலைச்சா விட்டுது சனியன். நாலு பேர் வாழற இடத்துல அனுசரிச்சுத்தானே போகணும்? அந்தத் தம்பியும் அவ்வளவு மோசமான ஆளில்லை” என்றார்.

“அத்தை, போலீஸ்கிட்ட நீங்க சொன்னதே போதும்” என்றார் டீச்சர். எங்களிடம் திரும்பினார். “வெளியாள் யாராவது உங்க நெட்டை உபயோகிச்சாங்களான்னு கேட்டாங்க. இவங்க முந்திக்கிட்டு, வெளியாள் யாருமே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அப்போ மிச்சம் யாரு? நான்தானே!”

“இல்லாததை இருக்குன்னு சொல்லணுமா?” என்று கரண்டி உள்ளே போயிற்று.

அண்ணி நெட் பெட்டியின் பக்கத்தில் போய் நின்றார். முன்னறை அலமாரியில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது அது. “பாஸ்வேர்டை எங்கிட்ட சொல்லாதீங்க. எப்படிப்பட்டதுன்னு மட்டும் சொல்லுங்க. போன் நம்பரா, புருஷன் பேரா, பிறந்த நாளா?”

“எதுவும் இல்லை. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை, நடுவுல நம்பர். யாருக்கும் சொன்னதில்லை, எங்கயும் எழுதி ஒட்டினதில்லை. கிளாஸ் நடுவுல நெட் திணறி, திரையில என் கை பாதியிலேயே நின்னு போகும். பாதிச் சைகையை வச்சுக்கிட்டு குழந்தைங்க என்ன புரிஞ்சுக்கும்? யாரோ திருட்டுத்தனமா நுழையறாங்கன்னு சந்தேகப்பட்டு மூணு தடவை மாத்தினேன். மெயில் போனதே மூணாவது தடவை மாத்தினதுக்கு அப்புறம்தான்.”

“பெட்டியோட சொந்தப் பாஸ்வேர்டு? கம்பெனியில எல்லாருக்கும் ஒண்ணையே வச்சு அனுப்புவாங்களே?”

“வாங்கின அன்னிக்கே மாத்திட்டேன். பட்டனை அமுக்கினா பாஸ்வேர்டு இல்லாமலே சேர்த்துக்குமே, அதையும் அணைச்சுட்டேன்.”

“எது எது சேர்ந்திருக்குன்னு பார்க்கறதுண்டா?”

“தினமும். என் போன், லேப்டாப், அத்தை ரூம் பெட்டி. வேற ஒண்ணுமில்லை.”

“இவ்வளவு பூட்டு எங்க அண்ணன் வீட்டு வாசலுக்கே கிடையாதுங்க” என்றேன். “அண்ணி, எனக்கு மேல்வீட்டு ஆள் மேலதான் சந்தேகம். வரும்போதே பார்த்தேன். காதுல ஹெட்போன், கையில ஜாய்ஸ்டிக், கண்ணைச் சுத்திக் கருவளையம். நெட்டைத் திருடித் தின்னு கொழுத்த மூஞ்சி.”

“ஹெட்போன் போட்டவன் எல்லாம் திருடன்னா முதல்ல உன்னைத்தான் பிடிச்சுக் கொடுக்கணும். தேடிக்கிட்டுப் போக வேண்டாம் தம்பி. சாப்பாட்டை நிறுத்தினா பசிக்கிற ஆள் தானே எட்டிப் பார்ப்பான். நான் பெட்டியை அணைக்கறேன். நீ படிக்கட்டுல நின்னு யார் வெளிய வர்றாங்கன்னு பாரு.”

நான் படிக்கட்டில் போய் நின்றேன். செருப்பைத் தேடுவதுபோல ஒரு பாவனை. உள்ளே அண்ணி பெட்டியை அணைத்தது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. “ஐயோ, இப்பத்தானே அவ உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தா!” என்று பின்னறையிலிருந்து மாமியாரின் அலறல். கரண்டியை வைத்துவிட்டுச் சீரியலுக்குப் போயிருக்கிறார்.

மற்றபடி பில்டிங்கில் ஒரு சலனமும் இல்லை. மேல்வீட்டு ஹெட்போன் ஆசாமி, “சுடுடா, இடது பக்கம் சுடு!” என்று யாரையோ தொடர்ந்து ஏவிக்கொண்டிருந்தான். அவனுக்கு நெட் தடையில்லாமல் ஓடுகிறது. எதிர்வீட்டுப் பெரியவர் வாசல் நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். என்னுடைய சந்தேகம் மூக்குடைபட்டு நின்றது.

உள்ளே போய்ச் சொன்னேன். “ஒரு ஈ காக்கா வெளிய வரலை அண்ணி. என்னைப் பார்த்து முறைச்சது அந்தக் கேமரா ஒண்ணுதான். கண்ணெல்லாம் சிவந்து.”

“என்ன சொன்னே?”

“சும்மா தமாஷுக்கு...”

“தமாஷை விடு. கண்ணு சிவந்துச்சா?”

“பச்சையா ஒரு சின்ன விளக்கு எரிஞ்சுது. நான் நின்னுக்கிட்டிருக்கும்போதே சிவப்பா மாறிடுச்சு.”

அண்ணி பெட்டியை மறுபடி போட்டார். “இப்ப போய்ப் பார்த்துட்டு வா.”

பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் சிவப்பாக முழித்த கேமரா மறுபடி பச்சைக்கு வந்திருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அண்ணியின் ஆபீசில் சேர்ந்ததிலிருந்து இது எனக்கு அபூர்வம்.

“டீச்சர்” என்றார் அண்ணி. “கேமரா யாரோட நெட்ல ஓடுது?”

“அவரோட சொந்த லைன்லன்னு மீட்டிங்ல சொன்னாரே! எல்லாரும் கை தட்டினாங்க.”

“உங்க வீட்டு வாசலை வேவு பார்க்கறதுக்கு உங்க வீட்டுச் சோத்தையே தின்னுக்கிட்டு இருக்குங்க அது” என்றேன். டீச்சரின் முகம் போன போக்கைப் பார்த்ததும், கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

“எப்படி?” என்றார். “மூணு தடவை மாத்தினேனே! எப்படி நுழைஞ்சாங்க?”

“உங்க முன்கதவுப் பூட்டுல ஒரு குறையும் இல்லை. ‘அத்தை ரூம் பெட்டி’ன்னு ஒண்ணு சொன்னீங்களே, அது என்ன?”

டீச்சர் எங்களைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வாசலிலேயே நின்றுகொண்டு, “அத்தை, உள்ள வரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார். மாமியார் கட்டிலில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருந்தார். அலமாரியின் மேல்தட்டில், பின்னல் துணி போர்த்தி, இரண்டு கொம்புகளோடு இன்னொரு பெட்டி. முன்னறைப் பெட்டியிலிருந்து சுவரோரமாக ஒரு வயர் வந்து அதன் முதுகில் செருகியிருந்தது.

“பின்னறைக்கு சிக்னல் வரலைன்னு எங்க வீட்டுக்காரர் மாட்டினது” என்றார் டீச்சர் தணிந்த குரலில். “இதை நாங்க தொடறதில்லை. ஒரு தடவை தூசி தட்டறேன்னு வயரைப் பிடுங்கிட்டார். அன்னிக்கு சீரியல்ல கல்யாணம். தாலி ஏறற நேரம். அதுக்கப்புறம் இந்த வீட்டுல நடந்ததை நான் சொல்ல விரும்பலை. அதோட சரி, அத்தை பெட்டின்னா யாரும் கிட்டயே போகமாட்டோம்.”

“இதுக்குன்னு தனிப் பேர், தனிப் பாஸ்வேர்டு உண்டா?”

“உண்டு. போன்ல ‘அம்மா ரூம்’னு காட்டும். பாஸ்வேர்டு...” டீச்சர் பேச்சை நிறுத்தினார். கை நெற்றிக்குப் போயிற்று. “அத்தைக்கு ஞாபகம் இருக்கணும்னு ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் வரிசையா வச்சார். அதை நான் மாத்தவே இல்லை. மாத்தினா இவங்க டேப்லெட்ல மறுபடியும் போடணுமே, எதுக்குச் சிரமப்படுத்தணும்னு விட்டுட்டேன்.”

“வயர்ல வர்றதால, முன்னறையில நீங்க எத்தனை தடவை மாத்தினாலும் இதுக்குக் கவலையே இல்லை. இது வழியா யார் வந்தாலும் உங்க கண்ணுக்கு ‘அத்தை ரூம் பெட்டி’ன்னு ஒரே ஆளாத்தான் தெரியும்” என்றார் அண்ணி. பிறகு மாமியாரின் பக்கத்தில் கட்டிலிலேயே உட்கார்ந்தார். “அம்மா, இந்தப் பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?”

“யாரையும் இதைத் தொட விடறதில்லைங்க நான்.”

“தொட்டாங்களான்னு கேட்கலைம்மா. யாருக்குத் தெரியும்னு கேட்டேன்.”

மாமியார் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். புகார்ப் பிரிவில் இருந்தபோது ஜனங்கள் முதலில் சொல்வது ‘நான் எதையும் தொடலைங்க’ என்பதுதான், அதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அண்ணி எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு வார்த்தை விழவில்லை.

கதவு திறந்தபோது மாமியாரின் கண்கள் கலங்கியிருந்தன. மருமகளின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குப் போய்விட்டார்.

“இப்பவே இந்தப் பாஸ்வேர்டை மாத்திடறேன்” என்றார் டீச்சர்.

“சாயங்காலம் வரைக்கும் தொடாதீங்க. அதுதான் இந்த வீட்டுல நல்லாப் பழகியிருக்கீங்களே.”

“அப்போ கேமராவைக் காட்டி அவரைக் கையும் களவுமாப் பிடிக்கலாமே!”

“மெக்கானிக் தப்பா மாட்டிட்டான்னு துடைச்சுக்கிட்டுப் போயிடுவார். ஓடறதுக்கு இருக்கற வழியை எல்லாம் முதல்ல அவர் வாயாலேயே அடைக்கணும்.”

அசோசியேஷன் ஆபீஸ் தரைத்தளத்தில், சரியாக மாமியார் அறைக்கு அடியில் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, சுவரில் பெரிய டிவி. செக்ரட்டரியின் போனிலிருந்து ஒரு வயர் டிவிக்குப் போயிற்று. திரையில் முதல் மாடிப் படிக்கட்டும் டீச்சர் வீட்டு வாசலும். பில்டிங்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் செக்ரட்டரி எழுந்தார். சிரித்த முகம், தேன் தடவிய குரல். வயசுக்குத் தகுந்தபடி எல்லோரையும் அண்ணே, அக்கா, அம்மா என்று ஒட்டிக்கொண்டார். என்னைக்கூட ‘தம்பி’ என்றார். என் உடம்பு கூசியது.

“யாரையும் அவமானப்படுத்தறது என் நோக்கம் இல்லைங்க” என்று கடிதத்தையும் பேனாவையும் மேஜையில் தள்ளினார். “டீச்சரம்மா என் தங்கச்சி மாதிரி. ஏதோ கோவத்துல பண்ணிட்டாங்க. ஒரு கையெழுத்து. இத்தோட மறந்துடலாம்.”

டீச்சர் பேனாவைத் தொடவில்லை. “நான் பண்ணலை” என்றார்.

“நான் இவங்க சொந்தக்காரங்க” என்று அண்ணி எழுந்தார். கொழுந்தனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவ்வளவு இயல்பாகப் பொய் சொல்ல அவரால்தான் முடியும். “எனக்கு ஒரே ஒரு சந்தேகம். வெளியாள் யாராவது இவங்க நெட்ல நுழைஞ்சு அனுப்பியிருந்தா?”

“வாய்ப்பே இல்லைங்க. மூணு தடவை பாஸ்வேர்டு மாத்தினேன்னு இவங்களே போலீஸ்ல சொல்லியிருக்காங்க. எவன் நுழைய முடியும்?”

“ஒருவேளை நுழைஞ்சிருந்தா?”

“அப்படி ஒருத்தன் இருந்தா அவன்தான் மெயில் அனுப்பினவன். சந்தேகமே வேண்டாம். அவன் சட்டையைப் பிடிச்சு நானே ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போவேன்.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கதானே?” என்றார் அண்ணி. சிலர் தலையாட்டினார்கள். “கேமரா நல்லாத் தெளிவா இருக்கு. இது யாரோட லைன்?”

“என் சொந்த லைன்தாங்க. அசோசியேஷனுக்காக நான் பண்ற சேவை. டீச்சரம்மா வீட்டு நெட் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுத்ததில்லை.” மாமியார் பக்கம் திரும்பினார். “சாட்சிக்கு எங்கயும் போக வேண்டாம். அம்மாவே இங்க இருக்காங்க. அம்மா, போலீஸ்ல சொன்னதை இங்கயும் ஒரு தடவை சொல்லுங்க. வெளியாள் யாராவது உங்க நெட்டைத் தொட்டாங்களா?”

மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

“வெளியாள் யாரும் இல்லைன்னு சொன்னேன். வாஸ்தவம்தான்” என்றார் மாமியார். “கேமரா மாட்டின அன்னிக்கு நீ வந்து, ‘ஒரு நிமிஷம் சரிபார்த்துக்கறேம்மா, நம்பர் சொல்லுங்க’ன்னே. சொன்னேன். ‘டீச்சர்கிட்ட சொல்லாதீங்க, கோவிச்சுப்பாங்க’ன்னே. சொல்லலை. நீ என்னை அம்மா அம்மான்னு கூப்பிடறவன். உன்னை நான் வெளியாளா நினைக்கலையேப்பா.”

செக்ரட்டரியின் சிரிப்பு முகத்திலேயே தங்கியிருந்தது, கண்தான் கூட வரவில்லை. “அம்மாவுக்கு வயசாச்சு” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “மருமக சொல்லிக்கொடுத்ததைச் சொல்றாங்க. நான் அந்த நெட்டைப் பார்த்ததுகூட இல்லை.”

மாமியார் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். எல்லோரும் முழித்தார்கள். கொஞ்ச நேரத்தில் டிவியில் அவர் தலை தெரிந்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார். வாசலுக்கு வந்ததும் நின்று கேமராவை நேராக நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆபீசில் இருந்த ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. பிறகு கதவைத் திறந்து உள்ளே போனார்.

“என்ன நாடகம் இது?” என்றார் செக்ரட்டரி. போனை எடுக்கப் போன அவர் கையை, “இருங்க, வயர் பிடுங்கிக்கும்” என்று நான் மிகவும் மரியாதையாகப் பிடித்துக்கொண்டேன்.

டிவியில் படம் நின்றது. திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. போன் திரை அப்படியே டிவியில் தெரிந்துகொண்டிருந்ததால், மேலே எட்டிப் பார்த்த செய்தியும் சுவர் அகலத்துக்குத் தெரிந்தது.

‘அம்மா ரூம் - இணைப்பு துண்டிக்கப்பட்டது.’

மேல்வீட்டுக்காரன் முதல்முறையாக ஹெட்போனைக் கழற்றினான். “செக்ரட்டரி சார், அது கேமரா இல்லையே. உங்க போன். நீங்க இவ்வளவு நேரமும் அவங்க வீட்டு நெட்லதான் இருந்தீங்களா?” என்றான். காலையில் அவனைத் திருடன் என்றதற்காக மனசுக்குள் அவன் காலில் விழுந்தேன்.

“அது... தானாச் சேர்ந்திருக்கும்... போனே பண்ற வேலை...”

“போனை எதையும் அழிக்காம அப்படியே வச்சுக்கங்க” என்றார் அண்ணி. “மெயில் எதுலேர்ந்து போச்சுன்னு போலீஸ் பார்க்கணுமில்லையா? வெளியாள் ஒருத்தன் நுழைஞ்சிருந்தா அவன்தான் அனுப்பினவன்னு நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. நாங்க புதுசா எதுவும் சொல்லலை.”

செக்ரட்டரி உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். தேன் மறுபடி குரலில் ஏற ஆரம்பித்தது. “சரி, விடுங்க. நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? கேமராவைத் திருப்பி வச்சுடறேன். நாளைக்குக் காலையில முதல் வேலையா புகாரை வாபஸ் வாங்கிடறேன். டீச்சரம்மா, உங்களுக்கு சந்தோஷம்தானே? வேலைக்கும் ஒண்ணும் ஆகாது.”

எல்லோரும் டீச்சரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். இதைத்தானே இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்தார், தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

டீச்சர் மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து அவர் பக்கமே தள்ளினார். “வாபஸ் வாங்காதீங்க.”

“என்னது?”

“நீங்க வாபஸ் வாங்கினா, ஏதோ பாவம் பார்த்து விட்டீங்கன்னு ஆகும். காலம் பூரா ‘மெயில் அனுப்பினவ’ன்னு என் முதுகுக்குப் பின்னாடி பேசுவாங்க. மிரட்டல் மெயில் வந்தது நிஜம்தானே? விசாரிக்கட்டும். புகார் உயிரோட இருந்தாத்தான் விசாரிப்பாங்க. அதை மூடிடாதீங்கன்னு சொல்லத்தான் நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன். தேர்தல்லயும் நிக்கறேன்.” அவர் கைகளும் கூடவே சேர்ந்து சொல்லின. அந்த மொழி தெரியாத எங்களுக்கும் நன்றாகப் புரிந்தது.

கதவருகே மாமியார் வந்து நின்றிருந்தார். எப்போது இறங்கி வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கையில் அந்தக் கொம்பு வைத்த பெட்டி, வயர் தரையில் இழுபட்டது.

“நானும் வர்றேன்” என்றார் மருமகளிடம். “அன்னிக்குச் சொன்னதை நானே போய் மாத்திச் சொல்லணும். இதையும் எடுத்துட்டுப் போலாம், கேட்டா காட்டலாம்.”

“சீரியல்?” என்றார் டீச்சர்.

“கிடக்கு போ.”

டீச்சர் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். அண்ணி எனக்குக் கண் காட்ட, நான் வண்டிச் சாவியை எடுத்தேன். நாங்கள் வாசலைத் தாண்டும்போது செக்ரட்டரி பின்னாலேயே ஓடிவந்தார். “அம்மா, ஒரு நிமிஷம். அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்களேன்!”

மாமியார் திரும்பிப் பார்க்கவில்லை. மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

“வெளியாள் எல்லாம் என்னை அம்மான்னு கூப்பிட வேண்டாம்” என்றார்.

நான் வண்டியை எடுத்தேன்.